சங்கம் என்றால் எந்தச் சங்கம்? ஐரோப்பிய பயோடெக் துறையின் அமைப்புகள், ஆரம்பத்திலிருந்து

அக்கா மகன் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்துவிட்டு ஜெர்மனியில் வேலை தேடிக்கொண்டிருக்கிறான். ஒரு நாள் இரவு போன் பண்ணினான். "மாமா, பெர்லின்ல பயோ டாய்ச்லண்ட்னு ஒரு கம்பெனி இருக்கு. என்ன மருந்து பண்றாங்கன்னு வெப்சைட் பூரா தேடிட்டேன், ஒண்ணுமே கிடைக்கல."

"கிடைக்காதுடா. அவங்க மருந்தே பண்றதில்ல. அது கம்பெனிகளோட சங்கம்."

"ஓ, யூனியனா?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த அமைப்புகளைப் பற்றி வரும் செய்திகளும் அப்படித்தான் இருக்கின்றன. "ஐரோப்பிய உயிரித்தொழில்நுட்பச் சங்கம் எச்சரிக்கை" என்று தலைப்பு போடுவார்கள். எச்சரித்தது அரசா, விஞ்ஞானிகளா, தொழிலாளர்களா, முதலாளிகளா என்பது கடைசி வரி வரைக்கும் தெரியாது. அதனால் அவனிடம் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

சொல்லிலேயே இருக்கும் சிக்கல்

தமிழில் சங்கம் என்ற சொல்லுக்கு வேலை அதிகம். புலவர்கள் கூடியதும் சங்கம், பஸ் ஊழியர்கள் கொடி பிடிப்பதும் சங்கம், தெருவில் குடியிருப்போர் மாதம் நூறு ரூபாய் வசூலிப்பதும் சங்கம். போதாததற்கு 'தொழிற்சங்கம்' என்றாலே நம் காதில் தொழிலாளர் அமைப்பு என்றுதான் விழுகிறது. இங்கே நாம் பேசப்போவது அதற்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அமைப்பு. குழப்பம் வராமல் இருக்க, இதைத் துறைச் சங்கம் என்று அழைக்கிறேன்: ஒரே துறையில் இருக்கும் நிறுவனங்கள் சந்தா கட்டிச் சேர்ந்து, தங்கள் பொது நலனுக்காக நடத்தும் அமைப்பு.

கடைத்தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரும் புதிருமாக இரண்டு டீக்கடை. ஒருவர் வாடிக்கையாளரை இன்னொருவர் இழுக்கத்தான் பார்ப்பார். ஆனால் தெருவை ஒருவழிப் பாதையாக்கப் போகிறார்கள் என்று நகராட்சி அறிவித்தால், இரண்டு பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவார்கள். தனியாகப் போனால் அதிகாரியின் அறை வாசலில் உட்கார வைப்பார்கள், இருநூறு கடைக்காரர்களின் பெயரில் போனால் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடுவார்கள். வியாபாரத்தில் போட்டி, விதிகளில் கூட்டு. துறைச் சங்கத்தின் அடிப்படை இந்த இரட்டை உறவுதான்.

ஒரு எல்லை மட்டும் உண்டு. அந்த இரண்டு டீக்கடைக்காரர்களும் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து "நாளையிலிருந்து டீ இருபது ரூபாய்" என்று முடிவெடுத்தால், ஐரோப்பாவில் அது சட்டவிரோதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டிச் சட்டம், நிறுவனங்கள் கூடிப் பேசி விலை வைப்பதையும் சந்தையைப் பங்கு போடுவதையும் தடுக்கிறது. சங்கத்தின் பெயரில் செய்தாலும் விதிவிலக்கு கிடையாது. அரசிடம் சேர்ந்து பேசலாம், வாங்குகிறவரிடம் சேர்ந்து பேசக் கூடாது.

இந்தத் துறைக்கு ஏன் சங்கம் அவ்வளவு அவசியம்

உயிரித்தொழில்நுட்பம் என்பது உயிரணுக்களையும் அவற்றின் பாகங்களையும் கருவியாக வைத்துப் பொருள் செய்வது. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிரிகள் செய்வதும் ஒரு வகையில் இதுதான். இன்றைய தொழில், எந்த நுண்ணுயிரி எதைச் செய்ய வேண்டும் என்பதை அதன் மரபணுவிலேயே எழுதிவிடுகிறது. துறைக்குள் இதை நிறத்தால் பிரித்துப் பேசுவார்கள். மருத்துவம் சிவப்பு, விவசாயம் பச்சை, தொழிற்சாலைக்கான நொதிகள், எரிபொருள், பிளாஸ்டிக் மாற்றுகள் போன்றவை வெள்ளை. இந்த மூன்று நிறங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒரு சண்டைக்கு வேண்டியிருக்கும்.

பயோடெக் நிறுவனம் என்றதும் பெரிய கண்ணாடிக் கட்டடம்தான் மனதில் வரும். ஐரோப்பாவில் பெரும்பாலானவை அப்படி இல்லை. பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து பிரிந்து வந்த இருபது, முப்பது பேர். விற்க ஒரு பொருளும் இருக்காது. ஒரு மருந்து ஆய்வகத்திலிருந்து மருந்துக்கடைக்கு வந்து சேரப் பத்தாண்டுக்கு மேல் ஆவது சாதாரணம். அதுவரை முதலீட்டாளர் போட்ட பணத்தில்தான் சம்பளம். இப்படிப்பட்ட நிறுவனத்தில் சட்ட வரைவைப் படிக்க ஆள் வைப்பது எங்கே? ஆனால் ஒரு வரி மாறினால் நிறுவனமே நின்றுபோகும் அளவுக்குச் சட்டத்தை நம்பி ஓடும் தொழிலும் இதுதான். காப்புரிமை, மருந்துப் பரிசோதனை அனுமதி, மரபணு மாற்ற உயிரிகளைக் கையாளும் விதி, ஆராய்ச்சிக்கான வரிச் சலுகை என்று எல்லாப் பக்கமும் அரசுதான் நிற்கிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கிச் சொன்னால்: துறைச் சங்கம் நிறுவனங்களுடையது. போட்டியாளர்கள் விதிகளுக்காகச் சேர்கிறார்கள். பயோடெக்கில் பெரும்பாலோர் சிறியவர்கள், விதிகளோ பெரியவை.

எவையெல்லாம் துறைச் சங்கம் இல்லை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஐரோப்பிய மருந்துகள் முகமை அரசு அமைப்பு. ஒரு புதிய மருந்தை விற்கலாமா என்று மதிப்பிடுவது அவர்கள் வேலை. 1995-இல் லண்டனில் தொடங்கி, பிரெக்ஸிட் காரணமாக 2019-இல் ஆம்ஸ்டர்டாமுக்கு மாறியது. இத்தாலியின் பார்மாவில் இருக்கும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அப்படியே. துறைச் சங்கத்தால் யாருக்கும் அனுமதி கொடுக்கவும் முடியாது, பறிக்கவும் முடியாது.

ஹைடல்பெர்கில் இருக்கும் எம்போ விஞ்ஞானிகளின் அமைப்பு. 1964 முதல் இருக்கிறது. அதில் சேருவது நிறுவனங்கள் இல்லை, ஆராய்ச்சியாளர்கள். பயோ-யூரோப் என்று ஆண்டுதோறும் நடக்கும் பெரிய சந்திப்பு ஒன்று உண்டு. பெயரைப் பார்த்தால் சங்கம் மாதிரியே இருக்கும், ஆனால் அது நிறுவனங்கள் கூட்டாளி தேடும் மாநாடு. அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் பயோ என்றே பெயர் வைத்துக்கொண்டு 1993 முதல் இருப்பது துறைச் சங்கம்தான், ஆனால் அமெரிக்காவுடையது. பெயர் வைப்பதில் இந்தத் துறைக்குக் கற்பனை கொஞ்சம் குறைவு என்றுதான் நினைக்கிறேன்.

நாட்டுக்கு நாடு ஒரு மாதிரி

எல்லா நாட்டுச் சங்கங்களும் ஒரே அச்சில் வார்த்தவை என்று நினைப்பது பரவலான தவறு. அவை பிறந்த விதமே வேறு வேறு.

இத்தாலியின் அசோபயோடெக் 1986-இல் தொடங்கியது. அது தனியாக நிற்கும் சங்கம் இல்லை. வேதியியல் துறையின் கூட்டமைப்பான ஃபெடர்கிமிகாவுக்குள் ஒரு பிரிவு. ஃபெடர்கிமிகாவோ இத்தாலியத் தொழிலதிபர்களின் மாபெரும் அமைப்பான கான்ஃபிண்டுஸ்திரியாவுக்குள் இருக்கிறது. டப்பாவுக்குள் டப்பா. இதனால் ஒரு லாபம் உண்டு, பெரிய அண்ணனின் கதவு வழியாகவே அமைச்சரைப் பார்க்கலாம். நட்டமும் உண்டு, பெரிய அண்ணனுக்குப் பிடிக்காததைச் சொல்வது கஷ்டம்.

பிரிட்டனின் பயோ இண்டஸ்ட்ரி அசோசியேஷன், சுருக்கமாக பி.ஐ.ஏ., 1989-இல் தொடங்கியது. மருந்துத் துறையின் பழைய பெரிய சங்கத்துக்குள் போகாமல் தனியாக நிற்கிறது. பிரான்ஸ் பயோடெக் 1997-இல் வந்தது. தொழில்முனைவோர் தொடங்கியது என்பதால் அதன் பேச்சில் எப்போதும் முதலீடும் வரியும் முன்னால் வரும். சுவிட்சர்லாந்தின் சங்கம் 1998-இல், ஸ்பெயினின் அசேபியோ 1999-இல்.

ஜெர்மனி சுவாரசியமான இடம். அங்கே இரண்டு குரல்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் வேதியியல் தொழில் சங்கத்தின் குடைக்குள் டி.ஐ.பி. என்ற பயோடெக் பிரிவு ஏற்கெனவே இருந்தது. பெரிய ரசாயன, மருந்து நிறுவனங்களின் எடை அதில் அதிகம். அப்படி இருந்தும் 2004-இல் பயோ டாய்ச்லண்ட் தனியாகத் தொடங்கப்பட்டது. இன்று அதற்கு நூற்றுக்கணக்கில் உறுப்பினர்கள், அவர்களில் பெரும்பாலும் சிறிய, நடுத்தர நிறுவனங்கள். பெரிய கடைகளின் சங்கம் இருக்கும்போதே சின்னக் கடைக்காரர்கள் ஏன் தனிச் சங்கம் வைக்கிறார்கள் என்று கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள், ஜெர்மனிக்கும் அதே பதில் பொருந்தும். பத்தாயிரம் ஊழியர்கள் உள்ள நிறுவனத்துக்குப் புதிய விதி தலைவலி, முப்பது பேர் நிறுவனத்துக்கு அது மாரடைப்பு. ஒரே மருந்துச்சீட்டு இரண்டு பேருக்கும் உதவாது.

உறுப்பினர்கள் எல்லோரும் ஆய்வகம் வைத்திருப்பவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். காப்புரிமை வழக்கறிஞர்கள், வங்கிகள், ஆலோசகர்கள், ஆய்வுக்கருவி விற்பவர்கள், பல்கலைக்கழகங்கள் எல்லோரும் இணை உறுப்பினர்களாக இருப்பார்கள். சந்தா பொதுவாக நிறுவனத்தின் அளவைப் பொறுத்து ஏறும். நிறையக் கட்டுகிறவர் கொஞ்சம் சத்தமாகப் பேசுவதும் எல்லாச் சங்கங்களிலும் உள்ளதே.

பிரஸ்ஸல்ஸில் ஒரு குடை

நாட்டுச் சங்கங்களுக்கு மேலே யூரோபாபயோ என்று ஒன்று இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில், 1996 முதல். சங்கங்களையே உறுப்பினர்களாகக் கொண்ட சங்கத்தைக் குடை அமைப்பு என்பார்கள். யூரோபாபயோ முழுக் குடையும் இல்லை, அதுதான் இதன் விசித்திரம். பெரிய நிறுவனங்கள் சேர்ந்து 1980-களின் இறுதியில் அமைத்த ஓர் ஆலோசனைக் குழுவும், நாட்டுச் சங்கங்களின் பொதுச் செயலகமும் இணைந்து உருவானது இது. ஆகவே இதில் சங்கங்களும் உறுப்பினர், தனி நிறுவனங்களும் உறுப்பினர். ஒரே நிறுவனம் தன் நாட்டுச் சங்கத்தின் வழியாகவும் பேசலாம், நேரடியாகவும் பேசலாம்.

இங்கே வரும் மிகப் பெரிய தவறான புரிதல்: யூரோபாபயோ தலைமையகம், நாட்டுச் சங்கங்கள் அதன் கிளைகள் என்பது. அசோபயோடெக் அதற்குப் பத்தாண்டு மூத்தது. மேலிருந்து கீழே உத்தரவு எதுவும் வருவதில்லை. பணமும் கீழிருந்து மேலேதான் போகிறது.

அப்படியானால் இரண்டு அடுக்கு எதற்கு? ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் பிறக்கும் விதத்தைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

முதலில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் வரைவு எழுதும். சட்டத்தை முன்மொழியும் உரிமை கிட்டத்தட்ட அவர்களிடம் மட்டுமே. வரைவுக்கு முன் பொதுக் கலந்தாய்வு நடக்கும், அதாவது யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். இந்தக் கட்டத்தில் பேச வேண்டிய இடம் பிரஸ்ஸல்ஸ். இருபத்தேழு நாட்டுச் சங்கங்கள் இருபத்தேழு விதமாகப் பேசினால் அதிகாரி எதைக் குறித்துக்கொள்வார்? இங்கே குடை அமைப்புக்கு மதிப்பு.

அடுத்து வரைவு இரண்டு இடத்துக்குப் போகிறது. ஒன்று ஐரோப்பிய நாடாளுமன்றம். 2024 தேர்தலிலிருந்து 720 உறுப்பினர்கள், ஒவ்வொருவரும் ஒரு நாட்டின் வாக்காளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். இன்னொன்று அமைச்சர்கள் அவை. அதில் உட்காருவது அந்தந்த நாட்டு அமைச்சர்கள். பெரும்பாலான சட்டங்கள் அங்கே நிறைவேற, குறைந்தது 55 சதவீத நாடுகள் ஆதரிக்க வேண்டும், அந்த நாடுகளில் ஒன்றியத்தின் மக்கள்தொகையில் 65 சதவீதமாவது இருக்க வேண்டும். போலந்து அமைச்சர் எப்படி வாக்களிப்பார் என்பது வார்சாவில் முடிவாகிறது. ஸ்பெயினின் வாக்கு மாட்ரிட்டில். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஒருவர் மாட்ரிட் அமைச்சகத்தில் கதவைத் தட்டினால் "நீங்கள் யார்?" என்பார்கள். அசேபியோ தட்டினால் தெரிந்த முகம், தெரிந்த மொழி, அந்த ஊரில் வேலை கொடுக்கும் நிறுவனங்களின் பட்டியல் கையில். வேலை இப்போது தலைநகரங்களுக்கு மாறிவிடுகிறது.

சட்டம் நிறைவேறிய பிறகும் முடியவில்லை. ஐரோப்பியச் சட்டங்களில் ஒரு வகை, நேராக எல்லா நாட்டிலும் அப்படியே அமலாகும் ஒழுங்குவிதி. இன்னொரு வகை நெறியாணை. அது இலக்கை மட்டும் சொல்லும், அதற்கான சட்டத்தை ஒவ்வொரு நாடும் தன் நாடாளுமன்றத்தில் தானே எழுதிக்கொள்ள வேண்டும். அந்த எழுத்தின்போது நாட்டுச் சங்கங்களின் ஆட்டம் மறுபடி தொடங்கும்.

சுருக்கமாக: வரைவு எழுதும்போது குடை அமைப்பு, வாக்கெடுப்பு வரும்போது நாட்டுச் சங்கம், உள்நாட்டுச் சட்டமாக மாறும்போது மறுபடி நாட்டுச் சங்கம்.

மரபணு திருத்தம் செய்த பயிர்களின் கதை இதற்கு நல்ல சான்று. வெளியிலிருந்து மரபணு எதையும் நுழைக்காமல், பயிரின் சொந்த மரபணுவிலேயே சின்னத் திருத்தம் செய்யும் புதிய முறைகள் உண்டு. அவையும் 2001-ஆம் ஆண்டின் கடுமையான மரபணு மாற்றச் சட்டத்தின் கீழ்தான் வரும் என்று 2018 ஜூலை 25 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துறை கொதித்தது. 2023 ஜூலையில் ஆணையம் விதியைத் தளர்த்தும் வரைவைக் கொண்டுவந்தது. நாடாளுமன்றம் 2024 பிப்ரவரியில் தன் நிலைப்பாட்டை எடுத்துவிட்டது. அமைச்சர்கள் அவை எடுத்தது 2025 மார்ச்சில். இடையில் ஓராண்டுக்கு மேல் இழுபறி. இந்தப் பயிர்களுக்கான காப்புரிமையை என்ன செய்வது என்பதில் நாடுகள் உடன்படவில்லை. பிரஸ்ஸல்ஸில் எவ்வளவு அழகாகப் பேசினாலும், தலைநகரங்கள் ஒத்துவராவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஒரு சட்டம், பதினெட்டு ஆண்டுகள்

இயந்திரம் முழுவதும் ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் காப்புரிமை நெறியாணையை விட நல்ல கதை இல்லை. காப்புரிமை என்பது ஒரு கண்டுபிடிப்பைக் குறிப்பிட்ட காலத்துக்கு மற்றவர்கள் அனுமதியின்றிப் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமை. மோட்டாருக்குக் காப்புரிமை என்றால் யாரும் சண்டை போட மாட்டார்கள். மனித உடலிலிருந்து பிரித்தெடுத்த மரபணுவுக்கு? அங்கேதான் பொறி பறந்தது.

ஆணையம் 1988-இல் வரைவை வைத்தது. 1995 மார்ச் 1 அன்று நாடாளுமன்றம் அதைத் தோற்கடித்தது. உயிருக்குப் பட்டா போடுகிறார்கள் என்ற எதிர்ப்பு வென்றது. அடுத்த ஆண்டு யூரோபாபயோ பிறக்கிறது. இரண்டையும் நேர்க்கோட்டில் இணைத்து "இதனால்தான் அது" என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் சிதறிய குரல்களால் என்ன ஆகும் என்று துறை கண்ணால் பார்த்திருந்தது. ஆணையம் புதிய வரைவைக் கொண்டுவந்தது. இந்த முறை நோயாளிகள் அமைப்புகளின் குரலும் ஆதரவாக ஒலித்தது. அந்த ஆதரவு எப்படித் திரட்டப்பட்டது, அது எல்லா நோயாளிகளின் கருத்தா என்ற சர்ச்சையும் கூடவே வந்தது. 1998 ஜூலை 6 அன்று நெறியாணை நிறைவேறியது. மனித உடலுக்குக் காப்புரிமை கிடையாது, உடலிலிருந்து பிரித்தெடுத்த மரபணுவுக்கு, தொழிலில் அதன் பயனைச் சொன்னால், கிடைக்கலாம் என்பது அதன் சாரம்.

முடிந்ததா? நெதர்லாந்து அரசு, அந்த நெறியாணையையே ரத்துச் செய்யக் கோரி ஐரோப்பிய நீதிமன்றம் போனது. இத்தாலி அதற்கு ஆதரவாக நின்றது. 2001 அக்டோபரில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. உள்நாட்டுச் சட்டமாக்கக் கொடுத்த கெடு 2000 ஜூலை 30. ஜெர்மனி எழுதி முடித்தது 2005-இல். எழுதும்போது ஒரு பூட்டும் போட்டுக்கொண்டது: மனித மரபணு என்றால், எந்தப் பயனைச் சொல்லி விண்ணப்பித்தாரோ அந்தப் பயனுக்கு மட்டுமே காப்புரிமை. இத்தாலி, ஐரோப்பிய நீதிமன்றத்திடம் குட்டு வாங்கிய பிறகு 2006-இல் செய்தது.

1988-இல் வைத்த வரைவு 2006-இல் இத்தாலியில் சட்டம். அன்று ஆய்வகத்தில் சேர்ந்த இளைஞருக்கு இதற்குள் தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். ஒரே நெறியாணையின் கீழ் ஜெர்மனியில் ஒரு விதி, பக்கத்து நாட்டில் கொஞ்சம் வேறு விதி. நாட்டுச் சங்கங்கள் தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

லாபி என்றால் பெட்டியில் பணமா?

சட்டம் எழுதுகிறவர்களிடம் தன் தரப்பை எடுத்துச் சொல்லி முடிவை மாற்ற முயல்வதற்கு லாபி என்று பெயர். நம் ஊர்ப் பேச்சில் இந்தச் சொல்லுக்கு லஞ்ச வாடை ஏறிவிட்டது. பிரஸ்ஸல்ஸில் இது வெளிப்படையாக நடக்கும் தொழில். 2011-இல் ஆணையமும் நாடாளுமன்றமும் சேர்ந்து வெளிப்படைத்தன்மைப் பதிவேடு ஒன்றைத் தொடங்கின, 2021-இல் அமைச்சர்கள் அவையும் சேர்ந்துகொண்டது. அதில் ஓர் அமைப்பு யாருடையது, இந்த வேலைக்கு ஏறத்தாழ எவ்வளவு செலவு செய்கிறது, எந்தச் சட்டங்களில் கவனம் வைத்திருக்கிறது என்று பதிய வேண்டும். இணையத்தில் யாரும் பார்க்கலாம். பதிவு செய்துவிட்டால் எல்லாம் சுத்தம் என்று சொல்லவில்லை. யார் எந்த அறையில் என்ன பேசினார்கள் என்பது அதில் வராது.

அறைக்குள் பெரும்பாலும் கைமாறுவது தகவல். அதிகாரிக்கு மருந்துப் பரிசோதனை பற்றி ஒரு பிரிவு எழுத வேண்டும். அந்தப் பிரிவு ஆய்வகத்தில் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். சங்கம் ஓர் அறிக்கை தரும்: இந்தப் பிரிவால் இத்தனை மாதம் தாமதம், இதற்குப் பதில் இப்படி எழுதலாம். இதற்கு நிலைப்பாட்டு அறிக்கை என்று பெயர். தகவல் சரியாகவே இருக்கலாம். ஆனால் எந்தத் தகவலைக் கொடுப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பவர் ஒரு தரப்புக்காரர். நுகர்வோர் அமைப்புகளிடமும் சுற்றுச்சூழல் அமைப்புகளிடமும் அந்த அளவுக்கு ஆள்பலம் இல்லை என்பது நியாயமான புகார்தான்.

சண்டை வெளியில் இல்லை, உள்ளே

சங்கத்தின் கஷ்டமான வேலை அமைச்சரிடம் பேசுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையான கஷ்டம், அமைச்சரிடம் என்ன பேசுவது என்று உறுப்பினர்களுக்குள் ஒத்துக்கொள்வது. மூன்று நிறங்களுக்கு இப்போது வருவோம்.

1996-இன் இறுதியில் மரபணு மாற்ற சோயா அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியத் துறைமுகங்களுக்கு வந்து இறங்கியது. எதிர்ப்பு பற்றிக்கொண்டது. 1998 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியம் புதிய மரபணு மாற்றப் பயிர் எதற்கும் அனுமதி கொடுக்கவில்லை. 2015-இல், ஒன்றியம் அனுமதித்த பயிரைக்கூடத் தன் மண்ணில் பயிரிடத் தடை விதிக்கும் உரிமையை ஒவ்வொரு நாட்டுக்கும் கொடுத்தது. இவ்வளவும் பச்சையின் பிரச்சினை. சிவப்பில், இன்சுலின் மரபணு மாற்றிய நுண்ணுயிரியில் தயாராகிறது என்பதைப் பற்றி அந்த ஆண்டுகளில் அவ்வளவு பெரிய எதிர்ப்பு இல்லை. புற்றுநோய் மருந்து செய்பவர், பயிர் நிறுவனத்தோடு ஒரே மேடையில் நிற்க ஏன் தயங்குவார் என்று புரிகிறதல்லவா? ஒருவர் மீது எறிந்த தக்காளி பக்கத்தில் நிற்பவர் சட்டையிலும் படும்.

இதனால் சங்கங்கள் சில நேரம் பிரிகின்றன, சில நேரம் வேலையைக் கைமாற்றுகின்றன. பயிர்ப் பாதுகாப்பு மருந்துத் துறையின் ஐரோப்பியச் சங்கம் 2021-இல் கிராப்லைஃப் யூரோப் என்று பெயர் மாற்றிக்கொண்டபோது, பயிர் உயிரித்தொழில்நுட்பத்தையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. விதை நிறுவனங்களுக்குத் தனிச் சங்கம். பெரிய மருந்து நிறுவனங்களுக்கு எஃப்பியா. மலிவு விலை மாற்று மருந்து செய்பவர்களுக்கு இன்னொன்று.

ஒரு சங்கம் எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்த்தால் அறிக்கை எப்படி வரும் என்று ஊகிக்கலாம். "புதுமைக்கு உகந்த சூழல் தேவை." சரி, யார் இல்லை என்றார்கள்? சங்க அறிக்கையில் வாக்கியம் வழவழப்பாக இருந்தால் உள்ளே சண்டை முடியவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். பிரிவு எண்ணைச் சொல்லி, சொல்லை மாற்றிக் கேட்டால் அங்கே ஒற்றுமை இருக்கிறது.

நாடுகளுக்கிடையிலும் இதே கதை. லண்டனை விட்டுப் போக வேண்டிய மருந்துகள் முகமையைத் தன் ஊருக்கு இழுக்கப் பத்தொன்பது நகரங்கள் மனுப் போட்டன. 2017 நவம்பர் 20 அன்று, மிலனும் ஆம்ஸ்டர்டாமும் சமமாக வாக்கு வாங்கி, கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆம்ஸ்டர்டாமை எடுத்தார்கள். ஒரு கண்டத்தின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எங்கே இருக்கும் என்பது குலுக்கல் சீட்டில் முடிவானது! இத்தாலியரும் டச்சுக்காரரும் ஒரே குடைக்குள் இருக்கும்போது, அந்தக் குடை எந்த ஊருக்காகப் பேசும்?

சட்டம் இல்லாத நாட்களில்

சங்கம் எப்போதும் சட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதில்லை. பிரிட்டனில் பி.ஐ.ஏ. தன் உறுப்பினர்களுக்காக ஆய்வகப் பொருட்களைத் தள்ளுபடி விலையில் வாங்க ஏற்பாடு செய்கிறது. சின்ன விஷயம்தான், ஆனால் பல சிறு நிறுவனங்களுக்குச் சந்தாப் பணம் அதிலேயே திரும்பிவிடும். அசேபியோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பயோஸ்பெயின் என்ற பெரிய சந்திப்பை நடத்துகிறது, துறையின் கணக்கை ஆண்டறிக்கையாக வெளியிடுகிறது.

சில நேரம் ஒரு நல்ல யோசனை நாட்டையே மாற்றும். பிரான்ஸ் பயோடெக் முன்வைத்து வாதாடிய ஒரு திட்டம் 2004-க்கான நிதிச் சட்டத்தில் ஏறியது. அன்றைய விதிப்படி, தொடங்கி எட்டு ஆண்டுக்குள் இருக்கும் சிறிய நிறுவனம், தன் செலவில் 15 சதவீதமாவது ஆராய்ச்சிக்குப் போட்டால், ஆராய்ச்சியாளர்களுக்காக முதலாளி கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புத் தொகையில் விலக்கு. பிரான்ஸில் ஆள் வைப்பதில் பெரிய செலவுகளில் அதுவும் ஒன்று. பயோடெக்கிலிருந்து கிளம்பிய அந்த யோசனையால் மென்பொருள் நிறுவனங்கள்கூடப் பலன் அடைந்தன. பிறகு விதிகள் மாறி மாறி வந்தன, திட்டம் மட்டும் நிலைத்தது.

இன்னொரு வார இறுதியையும் சொல்ல வேண்டும். 2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தது. அதன் பிரிட்டிஷ் கிளை நிறுவனத்தில்தான் அங்குள்ள ஏராளமான பயோடெக், மென்பொருள் நிறுவனங்கள் பணம் வைத்திருந்தன. பல ஆண்டுச் சம்பளத்துக்காக முதலீட்டாளர் போட்ட பணம். பிரிட்டனில் வங்கி மூழ்கினால் ஒரு வைப்பாளருக்கு அப்போது இருந்த உத்தரவாதம் 85,000 பவுண்டு. முப்பது பேர் நிறுவனத்துக்கு அது ஒரு மாதச் சம்பளத்துக்கே தாங்காது. எத்தனை நிறுவனங்கள் சிக்கியிருக்கின்றன, திங்கட்கிழமை எத்தனை பேரால் சம்பளம் போட முடியாது என்று அரசுக்கு யார் சொல்வது? அந்தச் சனியும் ஞாயிறும் அரசின் காதில் விழுந்த குரல்களில் பி.ஐ.ஏ.வுடையதும் ஒன்று. திங்கள் காலை எச்.எஸ்.பி.சி. அந்த வங்கியை ஒரு பவுண்டுக்கு வாங்கியது. வைப்புகள் தப்பின.

இனிச் செய்தி படிக்கும்போது

"ஐரோப்பிய பயோடெக் துறை வரவேற்பு" என்று தலைப்பைப் பார்த்தால் நான் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். பேசியது குடையா, நாட்டுச் சங்கமா? சிவப்பா, பச்சையா, வெள்ளையா? அதே விஷயத்தில் பேசாமல் இருக்கும் சங்கம் எது? மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் நல்ல விடை கிடைக்கும். வரவேற்பு அறிக்கை யூரோபாபயோவிடமிருந்து வந்து, ஒரு பெரிய நாட்டின் சங்கம் வாயே திறக்கவில்லை என்றால், அந்த நாட்டு அமைச்சர் என்ன செய்யப்போகிறார் என்பதைக் கவனிக்கலாம். 2024-இல் ஆணையத்தின் தலைவர் ஃபொன் டேர் லையன் புதிய உயிரித்தொழில்நுட்பச் சட்டம் கொண்டுவருவதாகத் தன் இரண்டாம் பதவிக்காலத் திட்டத்தில் அறிவித்தார். அதைச் சுற்றி வரும் செய்திகளில் இந்தப் பயிற்சிக்கு நிறைய இடம் இருக்கிறது.

இவ்வளவையும் கேட்ட அக்கா மகன், "அப்ப எனக்கு அந்தச் சங்கத்தால ஒண்ணும் ஆகாதா மாமா?" என்றான். வேலை கொடுக்க மாட்டார்கள், ஆனால் அவர்களுடைய உறுப்பினர் பட்டியலை எடுத்து நகரம் வாரியாகப் பிரித்துப் பார் என்றேன். மறுநாள் சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டான். மியூனிக் பக்கத்தில் மட்டும் விண்ணப்பிக்க ஒரு வாரம் ஆகும் போல என்றான், குரலில் தெம்பு இருந்தது.

"ஆனா மாமா, இதுல வக்கீல் ஆபீஸ்லாம் இருக்கே. தெரியாம ஒண்ணுக்கு அனுப்பிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"இன்னும் பதில் வரல."